வேலை இல்லை என்று நான் எழுதிய பெண்

எங்கள் தெருவில் ஒரு நெசவாளியின் மனைவி இருந்தாள். அவளுடைய விரல்கள் மேல் எனக்குப் பொறாமை. முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் மற்றதை எழுதுவது சுலபம்.

நான் வேலூரில் மிஷன் பள்ளியில் தங்கிப் படித்தவள். சித்திரம், அளவு வரைதல், தையல், சாயம் கலக்கும் முறை என்று நான்கிலும் சர்க்கார் பரீட்சை தேறி, எங்கள் ஊரான ஆரணிக்கே பெண்கள் பள்ளி ஆசிரியையாகத் திரும்பி வந்தேன். என் தகப்பனார் நான் பிறப்பதற்கு முன்பே தறியை விட்டுவிட்டு உபாத்தியாயர் வேலைக்குப் போய்விட்டார். அதனால் பட்டுப் பாவு என்னும் நீளவாக்கு இழை வரிசையைக் காகிதத்தில் வரைய எனக்குத் தெரியும். கையால் தொட்டது குறைவு.

தறியில் ஒரு பாவு முடிந்தால், அடுத்த பாவை அதன் நுனியோடு இழைக்கு இழை முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சுப் போடக்கூடாது, முறுக்கு மட்டும்தான். எங்கள் ஊரில் இது பெண்கள் செய்வது. அந்த நெசவாளியின் மனைவி மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சண்டையை விவரித்துக்கொண்டு, விரலைப் பார்க்காமலே செய்வாள். ஒரு நாள் நானும் அவளோடு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவள் நூறு இழை சேர்த்த நேரத்தில் நான் பன்னிரண்டு சேர்த்திருந்தேன். அதில் மூன்று அறுந்தன.

"பரவால்ல வாத்தியாரம்மா, உங்க கையில பேனா வாசனை அடிக்குது. நூலு பயந்துக்கினு ஓடுது" என்றாள். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து விரல்களைச் சீயக்காய் போட்டுக் கழுவினேன்.

அந்த வருஷம் பள்ளிக்குச் சர்க்காரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சீமைத் துணி மலிந்துவிட்டது, நெசவாளர் தறியை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போகிறார்கள், தேசத்தின் கைத்தொழில் வலுப்பெற வேண்டுமானால் சும்மா இருக்கும் கைகளைத் தொழிலில் இறக்க வேண்டும், ஆகவே ஆரணியில் பெண்களுக்கு ஒரு தொழில் வகுப்பு என்று அதில் இருந்தது. தொழில் இல்லாத பெண்கள் பன்னிரண்டு பேர் மாணவிகள். அவர்களுக்குச் சிறிய உதவித்தொகை. கற்றுக்கொடுக்கச் சம்பளத்தோடு ஒரே ஒரு போதகி. அவள் பரீட்சை தேறியவளாக இருக்க வேண்டும், அல்லது பல வருஷம் தொழில் செய்தவள் என்று விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். இருவரும் இருந்தால் பல வருஷம் தொழில் செய்தவளுக்கே முதலிடம்.

மூன்று முறை படித்தேன். பரீட்சை தேறியவள் ஊரில் நான் ஒருத்திதான். ஆனால் முதலிடம் அவளுக்கு.

அவளுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. வியாபாரிகள் பட்டு கொடுப்பதைக் குறைத்துவிட்டதால் அவர்கள் வீட்டுத் தறி மாதத்தில் பாதி நாள் நின்றிருந்தது. அவள் கணவன் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போகலாம் என்று பேசத் தொடங்கியிருந்தான். "தினம் அதே பேஜாரு. எனக்கு இது கெடச்சா ஊரோட கெடக்கலாம். நீங்கதான் எழுதித் தரணும்" என்று என்னிடமே வந்து சொன்னாள். வேறு யாரிடம் போவாள்? பெண்களுக்கு விண்ணப்பம் எழுதித் தர அந்த ஊரில் நான் மட்டுமே இருந்தேன். தலைமை ஆசிரியையும், எல்லா விண்ணப்பங்களையும் நானே எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் நியாயமானவள் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அவள் வீட்டுக்கே போய் எழுதினேன். கணவன் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். படிவத்தில் இருந்த சொற்களிலேயே கேட்டேன்: "உம்முடைய தொழில் என்ன?"

அவள் சிரித்துவிட்டாள். "எனக்கு இன்னா தொழிலு? நான் வூட்டுல சும்மாதான் கீறேன். தொழிலு அவருக்கு. நான் கூடமாட ஒத்தாசை."

எங்கள் தெருவில் எந்த மனைவியும் வேறு பதில் சொல்லமாட்டாள். தறி அவனுடையது, புடவை அவனுடையது, வியாபாரியிடம் பேர் அவனுடையது. கணவன் காதுபட, எனக்கும் தொழில் உண்டு என்று சொன்னால் அது அவனைக் குறைத்துப் பேசியதாகும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டேன்.

தொழில்: இல்லை என்று எழுதினேன். எத்தனை வருஷம் செய்தீர் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, பேனாவை வாங்கி ஒரு கீறல் போட்டாள். "ஜல்தி அனுப்புங்க வாத்தியாரம்மா" என்றான் கணவன். அந்தத் தாளில் நானாகச் சேர்த்த ஒரு சொல்கூட இல்லை. திரும்பி நடக்கும்போது அதைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

வேலை எனக்கு வந்தது. பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மாணவிகளைத் தேடிய அலுவலகத்தார், தொழில் இல்லை என்று எழுதிய ஒரு விண்ணப்பம் கையில் இருப்பதைப் பார்த்து, அவள் பேரையே பட்டியலில் முதலாவதாகப் போட்டுவிட்டார்கள். வகுப்பின் முதல் நாள் அவள் எனக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருந்தாள்.

இழை சேர்ப்பதை எட்டுப் படிகளாகப் பிரித்துக் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். முடித்ததும் மற்ற பதினொரு பேரும் அவள் கையைத் திரும்பிப் பார்த்தார்கள். "மூணாவதும் நாலாவதும் ஒண்ணாவே நடக்கும்மா" என்று பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னாள். என் மனம் நோகக்கூடாது என்றுதான் மெதுவாகச் சொன்னாள். அது இன்னும் எரிந்தது.

அவள் என்னவோ சந்தோஷமாகவே இருந்தாள். "இத்தினி வருசமா செய்றேன், ஒரு தம்பிடி பார்த்ததில்ல. கத்துக்கினா சர்க்காரு குடுக்குது. நல்ல சர்க்காருதான்" என்பாள். கோலார்ப் பேச்சு நின்றிருந்தது.

மூன்றாம் மாதம் பள்ளிகளைப் பார்வையிடும் துரைசானி வந்தார். அவள் சேர்த்த பாவை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசினார். சர்க்கார் எதிர்பார்த்தது இதைத்தான். தொழில் அறியாத ஒரு பெண்ணை மூன்றே மாதத்தில் இப்படித் தேர்ச்சி பெறச் செய்திருக்கிறாய். இதை உன் பேரோடு சென்னைக்கு அனுப்புகிறேன் என்றார்.

மனச்சாட்சி உறுத்தியது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் பாவு என் பேரோடு போவதை என்னால் தாங்க முடியவில்லை. அது யார் கை என்று ஆரணியில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அவளிடம் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டவள் என்று பேர் எடுக்க நான் தயாராக இல்லை.

"இதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. நான் எழுத்து படிப்பதற்கு முன்பிருந்தே இவர் செய்கிறார். தொழில் இல்லை என்று எழுதியது நான்தான்" என்றேன்.

துரைசானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு விதிகளைப் புரட்டினார். நேர்மையானவர். போதகி பரீட்சை தேறியவள், முறைப்படி நியமிக்கப்பட்டவள். படிவத்தில் இருப்பதும் விண்ணப்பித்தவள் தன் வாயால் சொன்னது. ஆகவே என்னை நீக்க இடமில்லை. மாணவி தொழில் இல்லாதவளாக இருக்க வேண்டும். இவளுக்குத் தொழில் உண்டு. ஆகவே பேரை அடிக்க வேண்டும். பாவு மாணவி செய்தது அல்ல. ஆகவே அனுப்ப முடியாது. மூன்றையும் வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டார்.

"இன்னா சொல்றாங்க?" என்று அவள் கேட்டாள்.

"உங்களுக்குத் தொழில் இருக்குன்னு சொல்லிட்டேன், அக்கா. அதனால இனிமே வகுப்புல சேர்த்துக்க முடியாதாம்."

விரல் விட்டு எண்ணினாள். "இல்லன்னு எழுதினீங்க, அந்த வேலை போச்சி. இருக்குன்னு சொன்னீங்க, இதுவும் போச்சி. நான் இன்னாதாம்மா சொல்லணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்றிரவே அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். பெண்ணிடம் தொழில் என்ன என்று கேட்காமல் விடிந்ததிலிருந்து என்னென்ன செய்தாள் என்று கேட்க வேண்டும். கணவன் தொழிலை ஒரு கட்டத்திலும் மனைவி தொழிலை வேறு கட்டத்திலும் எழுத வேண்டும். கைப்பழக்கம் உள்ளவளைப் பரீட்சை தேறியவளோடு இன்னொரு போதகியாக வைக்க வேண்டும். நல்ல மனு. இப்போது படித்தாலும் ஒரு வரியை மாற்றமாட்டேன். யோசனையில் இருப்பதாகப் பதில் வந்தபோது அவளும் கணவனும் கோலாருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கண்ணமங்கலம் வரை வண்டி, அங்கிருந்து ரயில். வண்டி புறப்பட்ட காலையில் தெரு முழுவதும் வெளியே வந்துவிட்டது. ஒருத்தி சோற்று மூட்டையை வைத்தாள், ஒருத்தி குழந்தைக்குச் சட்டை கொடுத்தாள், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி விடவே இல்லை. என் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள்.

"வரேன் வாத்தியாரம்மா" என்றாள் அவள். "பொண்ணுங்களை இழுத்து முறுக்கச் சொல்லாதீங்க. முன்னாடி தள்ளி முறுக்கச் சொல்லுங்க, அறுவாது."

வண்டி நகர்ந்ததும் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். நான் வேலூருக்குப் படிக்கப் போன நாளில் தகப்பனார் மட்டும்தான் வண்டி வரை வந்தார். அழுதவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு நின்றேன். பதினேழு வரை எண்ணியபோது வகுப்பு தொடங்கும் நேரம் ஆகிவிட்டது.