கண்ணெதிரே அறுத்த கறி

என் கணவர் வீட்டில் கறியின் தரத்துக்கு ஒரே ஒரு சோதனைதான் உண்டு. கோழியைக் கண்ணெதிரே அறுத்திருக்க வேண்டும். அறுத்த பிறகு அது எங்கே கிடந்தது, எவ்வளவு நேரம் கிடந்தது, எந்தக் கை தொட்டது என்பதெல்லாம் யாருக்கும் பொருட்டில்லை. கண் பார்த்துவிட்டது, அத்துடன் கறி சுத்தமாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் நான் ஒரு கோழிக்கறி ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். அறுத்துக் கழுவிய கோழியின் மேல் நீர்த்த லாக்டிக் அமிலத்தைத் தெளித்து, உடனே குளிரூட்டி, பொட்டலம் கட்டுவார்கள். தெளித்ததையும் தெளிக்காததையும் குளிர் அறையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தினமும் திறந்து பார்ப்பது என் வேலை. நிறம், வாடை, விரலில் ஒட்டும் வழவழப்பு, கண்ணாடித் தட்டில் வளரும் கிருமிப் புள்ளிகள். அமிலம் தெளித்தது சில நாள் கூடுதலாகத் தாங்கும். அளவு மிஞ்சினால் தோல் வெளிறிப்போய்ப் புளித்த மோர் வாடை வரும். தயிரைப் புளிக்க வைக்கும் அதே அமிலம்தான், அதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். படித்தது மட்டும் போகவில்லை. போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மகளுக்கு இரண்டு வயது முடிந்ததும் அன்னூர்ப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று முடிவானது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் வயிற்றுப்போக்கில் அவளை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அந்தச் சின்னப் புறங்கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். இன்னொரு தடவை இப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அவள் வாய்க்குள் போகும் ஒவ்வொரு பருக்கையையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விருந்துக்குக் கோழிக்கறி. அதைப் பேசி முடிக்கச் சரவணம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார் என் மாமனாரின் தம்பி. எனக்குச் சின்ன மாமா. அன்னூரில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை, எல்லாம் போனுக்கு வந்துவிடுகிறது. ஆலையில் சொல்லி ஐஸ் பெட்டியில் கறி வரவழைக்கலாமே என்று நான் வாயைத் திறந்தேன். அமிலம் தெளிப்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

"ஆசிட்டா?" என்று டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனம்மணி, கக்கூஸ் கழுவற ஆசிட்டா அது?"

என் கணவர் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. ஆனால் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இல்லீங்க மாமா. தயிர்ல இருக்குறதுதானுங்க. நாம கறியில தயிர் போட்டு ஊற வெக்கிறமில்லீங்க, அது மாதிரி."

"தயிரு தயிருதான், ஆசிட்டு ஆசிட்டுதான். என்ற பண்ணையில வந்து பாரு கண்ணு, மருந்துங்கற பேச்சே கெடையாது. நம்ம கோழிய நம்ம கண்ணு முன்னால அறுத்துப்போட்டுக் கொண்டு போலாம். சாமிக்குச் செய்யறதுல ஆசிட்டு எதுக்குங்கறேன்?"

அவர் பண்ணைக்கு நான் போயிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கேன்கள் வரிசையாக நிற்கும். வளர்க்கக் கோழிக்குஞ்சு கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் தருவது. அதிலிருந்து மூடிக்கணக்கில் அளந்து தினமும் குடிதண்ணீரில் ஊற்றுகிறார். 'தண்ணி டானிக்' என்பார். கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஃபார்மிக் அமிலம், புரோபியோனிக் அமிலம் என்று போட்டிருக்கிறது. கிருமி பெருகாமல் இருக்கத்தான் அதுவும். இத்தனை வருடம் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் கேனைத் திருப்பிப் படிக்க அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் படித்த என்னிடம் கக்கூஸ் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா? இல்லை. "சரிங்க மாமா" என்றேன். அந்த வீட்டில் நான் அதிகம் பயன்படுத்திய சொல் அதுதான். அவர்களுடைய அறியாமையாவது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. என்னுடைய கோழைத்தனம் எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது.

சித்திரை வெயில். விடியற்காலை ஐந்து மணிக்குப் பண்ணையில் கோழிகளை அறுத்தார்கள். சின்ன மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், அதாவது சோதனை முடிந்தது. கறியை இரண்டு நீல டிரம்களில் அடைத்து மூடி, வேனின் பின்னால் ஏற்றினார்கள். ஐஸ் போடலாமா என்று என் கணவரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒரு மணி நேரத்துல அடுப்புல ஏறப் போவுது. நீ சும்மா இரு" என்றார். நான் சும்மா இருந்தேன்.

அந்தக் கோயிலில் சாமி உத்தரவு கொடுக்காமல் மொட்டை போடக் கூடாது. மொட்டை போடாமல் விருந்துக்கு அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. உத்தரவு என்றால் பல்லி சொல்ல வேண்டும். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுக் கைகட்டி நின்றார். அறுபது பேர் மூச்சு விடாமல் நின்றோம். பல்லி சொல்லவில்லை. ஏழு மணி, எட்டு மணி. யாரோ ஒருவரின் செல்போன் அலறிப் பல்லி பயந்துவிட்டது என்றார்கள். எல்லோரும் போனை அணைத்தார்கள். ஒன்பதரை ஆயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டு சாமியை வேண்டினேன் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் வேனுக்குள் இருந்த இரண்டு டிரம்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அறுத்த சூடு ஆறாத கறி, மூடிய டிரம், வெயிலில் நிற்கும் வண்டி. கிருமி வளர்க்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் திட்டம் போட்டால்கூட இதைவிடத் தோதாக அமைக்க முடியாது.

பத்தரைக்குப் பல்லி மனம் இரங்கியது. என் அண்ணன் மடியில் உட்கார்ந்து மகள் வீறிட்டு அழுதாள். மொட்டையும் காது குத்தும் முடிந்து சந்தனம் பூசினோம். எங்கள் வீட்டு வழக்கப்படி, விருந்தில் முதல் வாய் மொட்டை போட்ட பிள்ளைக்குத்தான். பெரியவர் ஒருவர் ஊட்ட வேண்டும். சின்ன மாமா கையைக் கழுவிக்கொண்டு தயாராக இருந்தார்.

மண்டபத்துக்குப் பின்னால் சமையல்காரர் டிரம்மைத் திறந்தார். கையை விட்டவர் வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்ணா, கறி வழவழங்குதுங்."

"புதுக் கறி அப்படித்தானப்பா இருக்கும்" என்றார் சின்ன மாமா.

"நானும் எத்தனையோ கறி பாத்திருக்கனுங். வாடையும் ஒரு மாதிரி இனிச்சுட்டு வருதுங்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் குனிந்து முகர்ந்தேன். எனக்குத் தெரிந்த வாடை. ஆலையில் இந்த வாடை வந்த பொட்டலத்தின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். விரலால் தொட்டேன், நூல் போல இழுத்தது.

சின்ன மாமா என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மணி, நீ சொன்னியே, அந்த ஆசிட்டு. அது இப்ப எங்காச்சும் கெடைக்குங்களா? கொஞ்சம் ஊத்தி அலசிப்போட்டா சரியாப் போயிருமா?"

வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு 'ங்க' போட்டார். கெட்டுப்போன கறி இவ்வளவு மரியாதையை வாங்கித் தரும் என்று எனக்குத் தெரியாது.

"அது நல்ல கறி கெடறதைத் தள்ளிப் போடறதுங்க மாமா. அதுவும் குளிர்ல வெச்சாத்தான். கெட்டதை நல்லதாக்க முடியாதுங்க."

"எலுமிச்சம்பழம் புழிஞ்சு, மஞ்சப் போட்டு நாலு தண்ணி கழுவுனா போவுது" என்றார் மாமியார். "கொதிக்கற கொதியில எந்தப் பூச்சி உசுரோட நிக்குது, சொல்லு?"

"பூச்சி சாகுமுங்க அத்தை. அது விட்டுட்டுப் போற விஷம் சில சமயம் வேக வெச்சாலும் போகாதுங்க."

"இவ படிச்சதையெல்லாம் இங்கதான் ஒப்பிக்கோணுமா?" என்று என் கணவர் யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார். "அத்தன பேரும் பசியோட உக்காந்திருக்காங்க. சமாளிச்சுப்போட்டா ஆச்சு."

சமாளிப்பது. அறுபது பேர் வயிற்றில் சமாளிப்பது. முதலில் என் மகள் வயிற்றில். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, புறங்கையில் இருந்த பழைய ஊசித் தழும்பைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க. நானே கழுவித் தர்றனுங்க" என்றேன். குழந்தையை மாமியாரிடம் கொடுத்தேன். எலுமிச்சம்பழம் எடுக்க ஆள் போயிற்று. பாத்திரம் தேய்க்கும் இடத்தில் பச்சை நிறத்தில் சோப்புத் திரவம் ஐந்து லிட்டர் கேனில் இருந்தது. மூடியைத் திருகி, ஒரு டிரம்மில் பாதியும் இன்னொன்றில் மீதியும் ஊற்றி, இரண்டு கையாலும் கலக்கினேன். நுரை விளிம்பைத் தாண்டிப் பொங்கியது.

கெமிக்கல் கெமிக்கல் என்று அத்தனை நாள் பயந்தவர்கள் அன்றைக்குத்தான் நிஜமான ஒன்றைக் கறியில் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் சமையல்காரர்.

"அரிசியும் பருப்பும் போட்டறலாமுங். அரை மணி நேரம் குடுங்" என்றார்.

சின்ன மாமா ஊட்டிய முதல் வாய் அரிசியும் பருப்பும்தான். நெய் விட்டுப் பிசைந்தது. மகள் சமர்த்தாகச் சாப்பிட்டாள். தயிர்ச் சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். கறியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என் துரதிர்ஷ்டம். அந்தக் கறியைத் தின்று நாலு பேருக்கு வயிற்றைக் கலக்கியிருந்தால் நான் சொன்னது உண்மையென்று ஆகியிருக்கும். யாரும் படுக்காததால், நல்ல கறியில் சோப்பை ஊற்றிய மருமகள் என்று ஆனேன். எந்த வளைகாப்புக்குப் போனாலும் எனக்கு முன்னால் இந்தக் கதை போய் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெயரைக் கேவலமாகத்தான் நினைத்தேன். ஆனால் நடுவில் என் விரலையே சந்தேகப்பட்டேன். நூல் இழுத்ததா, ஈரம்தானா? அன்று எனக்குச் சளி பிடித்திருந்ததே, வாடை சரியாகத் தெரிந்திருக்குமா? ஒரு துண்டையாவது டப்பாவில் எடுத்துப்போய்ப் பழைய ஆலையில் கொடுத்துப் பார்த்திருக்கலாம். எல்லாவற்றின் மேலும் சோப்பை ஊற்றிவிட்டு ஆதாரம் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆடி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன மாமா வீட்டுக்கு வந்தார். ஆலையிலிருந்து வந்த பொட்டலத்தைப் பிரித்துக் குழம்பு வைத்திருந்தேன். இலையில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"கண்ணு முன்னால அறுத்ததுதானுங்களே?"

"ஆமாங் சித்தப்பா" என்றார் என் கணவர், நான் திரும்புவதற்குள்.

சின்ன மாமா மகளை மடியில் இழுத்து வைத்து, ஒரு துண்டை நன்றாகப் பிய்த்து எலும்பு பார்த்து ஊட்டினார். அவள் மென்று விழுங்கி வாயைத் திறந்தாள். அவரும் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். இரண்டாவது கரண்டி போடும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த ஆசிட் கறிதானுங்க மாமா இது."

என் கணவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். சின்ன மாமா மெல்லுவதை நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு விழுங்கினார்.

"அதானே பாத்தேன், லேசாப் புளிக்குதேன்னு" என்றார். "அந்த ஈரலை இந்தப் பக்கம் போடு அம்மணி."

அவர் போன பிறகு சட்டியில் மிச்சமிருந்த குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிக்கவில்லை. மூடி வைத்துவிட்டு, மறுபடியும் திறந்து பார்த்தேன்.