மைனாக் குஞ்சுக்குப் பாலாடை

தொண்ணூறுகளின் கடைசியில், என் மகளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தபோது, ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்து ஏர்பேட்டில் நடந்தது இது. நான் காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பி.எஸ்சி. படித்திருந்தும் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. கணவர் சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அவர் வேலைக்காக ஏர்பேட்டில் வாடகைக்கு வீடு எடுத்தோம். வீடு பழகுவதற்குள் குவைத்தில் வேலை கிடைத்து அவர் கிளம்பிவிட்டார். பாப்பாவைப் பார்க்கும் டாக்டர் திருப்பதியில் இருந்ததால் நாங்கள் இருவரும் அங்கேயே தங்கினோம்.

வெள்ளிக்கிழமைகளில் தெருமுனைக் கடைக்குப் போன் செய்வார். "இன்னா, பாப்பா நல்லாக்கீறாளா? அக்கம்பக்கத்துல பேசிக்கினு இரு. உம்முன்னு ஒக்காந்துக்கினு இருக்காத" என்பார். சரி என்று சொல்லிவிட்டு வருவேன். யாரோடு பேசுவது என்று அவரிடம் கேட்டதில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குப் பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "தள்ளி" என்பாள். குழாயடிக்குக் குடத்தோடு போனால் "தள்ளி". மதிலோரம் துணி காயப்போட்டால் "தள்ளி". அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது என்று நினைத்துக்கொண்டு நானும் தள்ளியே நிற்பேன். அதைச் சிரித்துக்கொண்டு வேறு சொல்வாள். நான் செய்த தப்பு என்ன? என் துணியின் ஈரம் அவள் பக்கம் சொட்டுகிறதா, பாப்பாவின் அழுகை தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று வீட்டுக்குள் வந்து யோசிப்பேன்.

ஒருநாள் காலை எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தடியில் ஒரு மைனாக் குஞ்சு கிடந்தது. உடம்பெல்லாம் இறகு முளைத்திருந்தது. வால் மட்டும் கட்டையாக இருந்தது. தத்தித் தத்திப் போனதே தவிரப் பறக்கவில்லை. கூட்டிலிருந்து விழுந்துவிட்டது, இதற்கு யாரும் இல்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று கேள்விப்பட்டிருந்ததால் பாப்பாவின் துண்டால் மூடி எடுத்தேன். பசியாக இருக்குமே! பாலைக் காய்ச்சி, ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். பாப்பாவுக்குப் பால் புகட்டும் பாலாடையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

குஞ்சு வாயைத் திறக்கவில்லை. விரலால் அலகைப் பிரித்து ஊற்றினேன். பால் மூக்கு வழியாக நுரைத்துக்கொண்டு வந்தது. தலையை இரண்டு தரம் உதறியது. பிறகு கழுத்து தொய்ந்து, கண் மூடிக்கொண்டது.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது. "தள்ளி! தள்ளி! பாலு வத்து!" பால் வேண்டாம் என்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "என் வீட்டு வாசல்லகூட நான் தள்ளித்தான் இருக்கணுமா?" என்று கத்தினேன். ஐந்து மாதத்தில் நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. புடவையைச் செருகிக்கொண்டு மதிலேறிக் குதித்தாள். வெறுங்கையால் குஞ்சைத் தூக்கித் தலைகீழாகச் சாய்த்து, முந்தானையால் அலகைத் துடைத்தாள். அது தும்மிக் கண்ணைத் திறந்தது. "பட்சிகி பாலா? பசிபாப்ப அனுகுன்னாவா?" என்று சிரித்தாள். பறவையைக் கைக்குழந்தை என்று நினைத்தாயா என்ற கேலி. வார்த்தைகள் பிறகுதான் விளங்கின, கேலி அப்போதே விளங்கிவிட்டது.

கொய்யா மரத்தின் தாழ்ந்த கவையில் குஞ்சை வைத்துவிட்டு, என்னைச் சமையலறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூனை வருமோ, காக்கை கொத்துமோ என்று மூன்று தரம் எழுந்தேன். மூன்று தரமும் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு பெரிய மைனா துணிக்கொடியில் வந்து உட்கார்ந்தது. அலகில் வெட்டுக்கிளி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கவைக்குத் தாவியது. குஞ்சு வாயை அகலத் திறந்தது.

"தல்லி" என்று அந்த மைனாவைக் காட்டினாள் அவள். பிறகு என் தோளைத் தொட்டு, பாப்பாவின் தலையைத் தொட்டு, "நுவ்வு கூட தல்லே" என்றாள்.

நீயும் அம்மாதான் என்கிறாள். தல்லி என்றால் தெலுங்கில் அம்மா. சின்னவர்களை ஆசையாகக் கூப்பிடுவதும் அந்தச் சொல்லால்தான். இத்தனை நாளும் அவள் என்னைக் கண்ணே, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் விலகி விலகிப் போயிருக்கிறேன். அழுதுவிட்டேன். குஞ்சுக்காக அழுகிறேன் என்று நினைத்து, "ஏடவத்து, பதிகிந்தி" என்றாள். அழாதே, பிழைத்துவிட்டது.

மறுநாள் குஞ்சைக் காணவில்லை. பறந்ததா, வேறு ஏதாவது ஆனதா, தெரியாது. அடுத்த கோடைக்குள் பக்கத்து வீட்டுக்காரர்களும் பிழைப்புக்காகப் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அவளோடு பேச எனக்குக் கிடைத்தது சில மாதங்கள்தான். தொலைத்த அந்த ஐந்து மாதத்தை எதில் சேர்ப்பது?

இப்போது யாராவது தோட்டத்தில் குஞ்சு கிடக்கிறது என்று சொன்னால், பால் கொடுக்காதீர்கள், இறகு முளைத்திருந்தால் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தாய் வரும் என்று சொல்கிறேன். அது வரும்வரை காத்திருப்பதுதான் கஷ்டம். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.