தொண்டிக்குப் போகாத சனிக்கிழமை

பிள்ளைகளா, அம்மா கடைசியில் நம்மை ஏமாற்றிவிட்டாள் என்று போன வாரம் சாப்பிடும்போது சின்னவன் சொன்னான். கடல் காட்டுகிறேன் என்று ஏற்றிக்கொண்டு போய்ப் பாதி வழியில் திரும்பி வந்ததைத்தான் சொன்னான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்துப் படியுங்கள்.

அப்போது நம்மிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. நம் செக்காலைப் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையும் மாலையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவேன். இப்படிப் பக்கத்திலேயே ஓட்டினால் எஞ்சின் சரியாகச் சூடேறாது. புகையில் வரும் கரி சைலன்சருக்குள்ளேயே படிந்துவிடும். "மாசத்துல ரெண்டு வாட்டி தேவகோட்டைப் பக்கம் மிதிச்சு ஓட்டிட்டு வாங்கண்ணே. உள்ள இருக்க கரி தானா எரிஞ்சு போயிரும்" என்று மெக்கானிக் சொல்லியிருந்தார்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது நானும் அம்மாவும் அப்படிப் போவோம். அவள் முன்சீட்டில் இருந்து தலையை வெளியே நீட்டிப் புகையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவாள்.

"இன்னும் கன்னங்கரேர்னுதான் வருது. பின்னால சைக்கிள்ல வாரவரு நம்மளைத் திட்டிக்கிட்டே வாராரு."

"தலைய உள்ள எடு."

"எடுத்துட்டா யாரு பாக்குறது? நீங்க மிதிங்க. சாமி ஊர்வலம் கணக்கா ஓட்டுறீக."

புகை கண்ணுக்குத் தெரியாமல் போனதும் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். எங்கள் இருவருக்கும் ஊர் சுற்றல் என்று இருந்தது அது ஒன்றுதான்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகு அது நின்றது. மாதக்கணக்கில் கார் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே ஓடியது. அவளைப் படுக்கையில் விட்டுவிட்டுக் கரி எரிக்கப் போக மனம் வரவில்லை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். யாரும் சொல்லாமலே அவளுக்கும் தெரிந்திருந்தது.

"பிள்ளைக ரெண்டும் இன்னும் கடலப் பாத்ததில்ல. தொண்டிக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுக முதத் தடவ பாக்குறப்ப நான் பக்கத்துல இருக்கணும்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்சீட்டில் உங்கள் இருவருக்கும் நடுவில் தலையணை வைத்து அவளை உட்காரவைத்தேன். கிளம்பும்போதே காரில் இழுவை இல்லை. தேவகோட்டை ரஸ்தா ஸ்டாப் வருவதற்குள் முழுக்க மிதித்தும் நகர மறுத்தது. புகை காருக்குள் வந்து அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. திருப்பிவிட்டேன். பெரியவள் அழுதாள். சின்னவன் அம்மா முகத்தைப் பார்க்காமல் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வண்டிக்கு மேலுக்குச் சரியில்லடா. அடுத்த சனிக்கிழமை போவோம்" என்றாள் அம்மா.

மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். டீசல் ஃபில்டரை மாற்றினார். டீசல் பீய்ச்சும் நாசில்களையும் சோதித்தார். எதிலும் கோளாறு இல்லை, இழுவையும் வரவில்லை. நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் "இன்னைக்காவது ஓடுச்சா?" என்று கேட்பாள். நான் கை கழுவப் போய்விடுவேன்.

கடைசியில் மெக்கானிக் சைலன்சர் குழாயைப் பிரித்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். காதைக் கிழிக்கும் சத்தத்தோடு எஞ்சின் சீறியது. "அடைப்பு இதுலதாண்ணே" என்று சைலன்சரைத் தென்னமட்டைத் தீயில் போட்டுச் சிவக்கச் சிவக்க எரித்தார். ஆறியதும் தட்டினால் கருப்புப் பொடி குவியலாகக் கொட்டியது. திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தோம். பழையபடி பறந்தது.

வந்து சொன்னேன். அவள் சிரித்தாள். "மாத்துத் துணி எடுத்து வைங்க. பிள்ளைக ரெண்டும் கட்டாயம் நனைச்சுக்கிரும்." பையில் எடுத்துவைத்துக் காட்டினேன். துண்டு வைக்கவில்லை என்று குறை சொன்னாள். அதையும் வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் போய்விட்டாள்.

சின்னவனே, அவள் ஏமாற்றவில்லையப்பா. அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நீங்கள் பள்ளிக்கூடம் போன ஒரு நாள், நான் மட்டும் தொண்டி ரோட்டில் போனேன். கார் நன்றாக ஓடியது. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அடுத்த வளைவு தாண்டினால் கடல் தெரியும் என்றார் டீக்கடைக்காரர். உங்கள் இருவரையும் விட்டுவிட்டு நான் பார்க்கக் கூடாது என்று பட்டது. அவர் கடை வாசலிலேயே காரைத் திருப்பினேன்.