ஓடைக்கு மேல ஒரு பார்க்

எங்க மச்சான் பள்ளிக்கூட வாத்தியாரு. அவரு கூப்பிட்டாருன்னு இன்னைக்குக் கோவில்பட்டியிலேருந்து ஓசி வேன்ல பிளாட் பாக்கப் போனேன். ஏறுன எல்லாருக்கும் சாம்பார் சாதம், கூடவே எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

விளாத்திகுளம் ரோட்டுல எறங்குனோம். போன வருசம் உளுந்து வெளைஞ்ச கரிசல். இப்ப அதுமேல செம்மண்ணைக் கொட்டிக் கல்லு ஊனியிருக்காங்க.

பிளாட் விக்கிறவரு வரைபடத்தை விரிச்சாரு. நடுவுல நீளமா ஒரு பச்சை.

"இது பார்க். சட்டப்படி இடம் விட்டுருக்கோம். பார்க்கைப் பாத்த பிளாட்டுக்குத்தான் கிராக்கி."

நிமிந்து பாத்தேன். அது கண்மாய்க்குத் தண்ணி போற ஓடை. பாதியை மண்ணள்ளிப் போட்டுத் தூத்தாச்சு.

அங்கன ஆடு மேய்ச்சிட்டு நின்ன ஒரு அக்கா அவரு பக்கத்துல வந்தா.

"அண்ணாச்சி, ஐப்பசியில இங்கன இடுப்பளவு தண்ணி ஓடும். இத அடைச்சா கண்மாய் எப்படி நெறையும்? எங்க ஆடு எங்க குடிக்கும்?"

"ஆட்டை அங்கிட்டு ஓட்டும்மா. ஊரு வளர வேண்டாமா?"ன்னாரு அவரு.

வேன்ல வந்தவங்க பார்க் பக்கத்து பிளாட்டுக்கு அடிச்சுப் பிடிச்சுப் பேரு கொடுத்தாங்க. முதல் ஆளு எங்க மச்சான். 'நீர்நிலைகளைக் காப்போம்'னு பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைக்கிற மனுசன்.

"மச்சான், இது ஓடைல்லா?"

"தெரியும் மாப்ள. நாம என்ன வீடா கட்டப் போறோம்? ரெண்டு வருசத்துல எவன் தலையிலயாவது கட்டிருவோம்."

நான் பேரு கொடுக்காம வேன்ல போயி ஏறிட்டேன்.

ஆனா திரும்பி வரும்போது எம்மடியிலயும் ஒரு டிபன் பாக்ஸ் இருந்துச்சு. இந்தப் பதிவுக்குக் கமெண்டுல துப்புறவிய, என்னையும் சேத்தே துப்புங்க.