மூன்றாம் எண்ணிலிருந்து வந்த பதிவு

அன்று இருந்தவர்கள் மூவர். கண்டி அலுவலகத்தில் என் தம்பி வரதராசா. அதன் வாசலில் காவலாளி பாரூக். பிலிமத்தலாவைக் கிளையில், தொலைபேசியின் மறுமுனையில், கிளறன்ஸ். நான் அங்கே இல்லை. ஆனால் தம்பியையும் பாரூக்கையும் தனித்தனியே இருத்திக் கேட்டேன். இருவரும் சொன்னது ஒன்றேதான். கூட்டியும் குறைத்தும் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

2007 ஒக்டோபர், போயா எனும் பௌர்ணமி விடுமுறை. பிற்பகல் மூன்று மணி. விடாத மழை.

அது மருந்து விநியோகிக்கும் நிறுவனம். கணினிகளுக்குப் பொறுப்பு வரதராசா. கண்டியில் பதிவது தொலைபேசிக் கம்பி வழியாகப் பிலிமத்தலாவைக்குப் போகும். அங்கே பதிவது இங்கே வரும். வந்ததையே திருப்பி அனுப்பினால் அது மறுபடி வரும், மறுபடி போகும், முடிவே இராது. அதனால் ஒவ்வொரு பதிவிலும் அது பிறந்த இடத்தின் எண்ணைக் குத்திவிட்டான் தம்பி. கண்டி ஒன்று. பிலிமத்தலாவை இரண்டு. கலகெதர மூன்று. பிறந்த இடத்துக்கு எதையும் திருப்பி அனுப்பாதே என்பதே அவன் எழுதிய விதி. பெப்ரவரியில் கலகெதரக் கடையை மூடினார்கள். மூன்றாம் எண் போயிற்று.

அந்தக் கடையில் வேலை செய்தவன் வின்சன்ட். ஆட்கள் காணாமற்போகும் போர்க்காலம் அது. மார்ச் 14 அன்று, அம்பிட்டியவில் அவன் ஒளித்திருந்த அறைக்கு யாரோ வந்தார்கள். கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. அந்த அறையின் விலாசம் நிறுவனத்தின் ஊழியர் பதிவில் மட்டுமே இருந்தது. அந்தப் பதிவைத் திறக்க வரதராசாவின் கடவுச்சொல் வேண்டும். யார் எப்போது திறந்தார் என்ற குறிப்போ இரண்டு கணினியிலும் அழிக்கப்பட்டிருந்தது.

பிறகென்ன? ஊரே தம்பியைப் பார்த்தது. வின்சன்டின் மனைவி றோஸ் கோயில் வாசலில் வைத்தே கேட்டாள். "எம் புருஷனுக்கு என்ன வெல வாங்குனீங்க சார்?"

என் தம்பியைப் பார்த்து!

3.05. விடுமுறை நாள். இரு கிளையிலும் எவரும் எதையும் பதியவில்லை. ஆனால் திரையில் பரிமாற்றக் கணக்கு அசைந்தது. ஒன்று. பதினொரு விநாடி கழித்து, இரண்டு. பிறகு மூன்று.

டிக்... டிக்...

ஒரே பதிவு போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தான். ஊழியர் எண் 117. வின்சன்ட். மாற்றப்பட்ட நேரம், இன்று 3.05. பிறந்த இடம், மூன்று.

மூடிய கடை. இல்லாத எண். பதிவு பிறந்த இடம் ஒன்றும் அல்ல, இரண்டும் அல்ல என்பதால் இரண்டு கணினிகளும் அதை ஒன்றுக்கொன்று தள்ளிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான் என்று நினைத்தான்.

கிளறன்ஸை அழைத்தான். கிளறன்ஸ் பத்து வருட நண்பன். வின்சன்டின் பிள்ளைக்கு ஞானத்தகப்பனும் அவனே.

"கிளறன்ஸ், நீர் 117ஐத் தொட்டனீரோ?"

"இல்ல அண்ணே. நா தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கேன். ஏன், போயாவுலயும் பேய் புடிச்சிருச்சா ஒங்க மெசினுக்கு?"

"ஒண்டுமில்லை. வையும்."

3.40. விதியைத் திருத்தினான். ஒன்றையும் இரண்டையும் தவிர எதையும் ஏற்காதே. கணக்கு நின்றது.

பதினொரு விநாடி...

டிக்.

3.52. கம்பியைப் பிடுங்கினான். அது கையில் இருந்தது. பிலிமத்தலாவைக்கு இனி வழியே இல்லை.

டிக்...

ஒலி கணினியிலிருந்து வரவில்லை. அவன் கதிரைக்குப் பின்னால் இருந்து வந்தது. அங்கே பூட்டிய அலுமாரி மட்டுமே.

"பாரூக்!"

"என்ன சேர்?"

"உமக்குக் கேக்குதோ?"

பாரூக் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "கேக்குது சேர். பகல் சாப்பாட்டு நேரத்துல இருந்தே கேக்குது. நீங்கதான் டைப் அடிக்கிறீங்கன்டு நெனச்சேன்."

4.31. பதிவில் புதிதாக ஒரு வரி. அழிந்துபோன அந்தக் குறிப்பு.

திறந்த நாள், மார்ச் 14.

நேரம், காலை 10.20.

திறந்தவர், வரதராசா.

பதினொரு விநாடி. இன்னொரு வரி.

திறந்த கணினி, இரண்டு.

மார்ச் 14 எங்கள் ஐயாவின் அந்தியேட்டி, தகப்பன் இறந்த முப்பத்தோராம் நாள் கிரியை. கிரியை நடக்கும்போது கிளறன்ஸ் அழைத்தான். மருந்துப் பட்டியல் திறக்கவில்லை, அவசரம் என்றான். தருப்பை போட்ட விரலோடு கைத்தொலைபேசியைப் பிடித்துத் தம்பி கடவுச்சொல்லைச் சொன்னான். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அப்போது நேரம் பத்தே கால்.

கைத்தொலைபேசியில் மீண்டும் அழைத்தான்.

"கிளறன்ஸ். ஐயான்ர அந்தியேட்டியண்டு என்ர சொல்லை வாங்கி என்ன திறந்தனீர்?"

மறுமுனையில் தேத்தண்ணிக் கோப்பை மேசையில் வைபடும் ஒலி.

"கிளறன்ஸ்."

"...என்னையும் கொண்டுபோறேன்னாங்க அண்ணே. எனக்கும் புள்ளைங்க இருக்குது."

"ஏழு மாசம் என்ர பக்கத்தில இருந்து சாப்பிட்டனீர்."

அழுகைச் சத்தம். அதற்குப் பின்னால், அந்த முனையில், ஒரு கதிரை இழுபடும் ஒலி.

"உம்மட பக்கத்தில ஆர்?"

"யாரும் இல்லியே அண்ணே..."

டிக்.

இம்முறை தொலைபேசிக்குள்.

4.40. கணக்கு நின்றது. அந்த முனையில் கதவு திறபடும் ஒலியும், கிளறன்ஸ் ஓடும் காலடியும் கேட்டன. அதன்பின் அவன் வேலைக்கு வரவில்லை.

மறுநாள் அலுமாரியைத் திறந்தார்கள். உள்ளே கலகெதரக் கடையின் பழைய கணினி. விற்றுவிட்டார்கள் என்றே தம்பி நினைத்திருந்தான். மின்கம்பி இல்லை. தகவல் இருக்கும் தட்டையும் கழற்றி எடுத்திருந்தார்கள். வெறும் கூடு. மேலெல்லாம் விரற்கடைத் தூசி.

விசைப்பலகையில் மட்டும் தூசி இல்லை.

வின்சன்ட் கொண்டுபோகப்பட்டது மாலை 4.40க்கு என்பதைப் பின்னர் அம்பிட்டிய வீட்டுக்காரி சொல்லித்தான் அறிந்தோம்.

அவன் விலாசத்தைக் கொடுத்தவன் வரதராசா என்று கண்டியில் இன்றும் சிலர் பேசுகிறார்கள். தவறு. வரதராசா கொடுத்தது கடவுச்சொல்லை. விலாசத்தைக் கொடுத்தவன் கிளறன்ஸ்.