முதுகுப் பக்கமாக வந்த தண்ணீர்

அந்த ஆற்றங்கரைப் பூங்காவில் முப்பத்தொரு வருஷமாகப் புல் வெட்டுகிறவர் அவர். எந்தப் புல்லுக்கு அடியில் யார் வீடு இருந்தது என்பது அவருக்கு அத்துப்படி. வெள்ளத்துக்கு முன்னால் அங்கே நாற்பது வீடுகள் இருந்தன. ஊஞ்சல் ஆடும் இடம் அவருடைய வீட்டுச் சமையலறை. "என்னண்ணே, அடுப்படியைப் பெருக்கியாச்சா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் சீண்டுவார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

அக்காவிடம் மட்டும் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. அத்தானை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியவர்களை மேட்டில் குடிவைத்து, தெருவை இடித்துப் பூங்கா ஆக்கினார்கள். தம்பி அதில் வேலைக்குச் சேர்ந்தபோது அக்கா ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூங்காவுக்குள் அவள் காலடி வைத்ததும் இல்லை.

போன வருஷம் புதுத் திட்டம் வந்தது. கரையை ஓரிடத்தில் வெட்டி, வெள்ளக் காலத்தில் ஆற்றைப் பூங்காவுக்குள் விட்டால் கீழே இருக்கும் ஊர் தப்பும். காலையில் நடக்க வருகிறவர்கள் கொதித்துப்போய் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினார்கள். திட்டத்தின் பொறியாளரம்மாவோ தோட்டக்காரரிடம் வரைபடத்தை விரித்து, அந்தப் பழைய வெள்ளத்தன்று தண்ணீர் எந்தப் பக்கமாக வந்தது என்று கேட்டார். தோட்டக்காரர் அன்று வெளியூரில் வேலையில் இருந்தவர். கண்ணால் பார்த்தது அக்காதான்.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு அக்காவிடம் போய்ச் சொன்னார். திட்டு விழும் என்று நின்றார். அக்கா கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

பொறியாளரம்மாவும் தம்பியும் பின்னால் வர, பூங்காவின் மேற்கோடியில், புதர் மண்டிய ஒரு பள்ளத்தருகே போய்த்தான் நின்றாள்.

"எல்லாரும் ஆத்தையே பாத்துக்கிட்டு நின்னோம்மா. தண்ணி முதுகுப் பக்கமா, இந்தப் பழைய வாய்க்கால் வழியா வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தூக்கிட்டு வர்றேன்னு போனாரு. ரெண்டு பேருமே வரல."

பொறியாளரம்மாவின் வரைபடத்தில் அந்த வாய்க்காலே இல்லை. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

தம்பிக்குத்தான் மனசு கேட்கவில்லை. "வெட்டினா நம்ம வீட்டு மேலயே தண்ணி நிக்கும்க்கா."

"நிக்கட்டும். அன்னைக்கே அதுக்கு எடம் விட்டிருந்தா உங்கத்தான் இருந்திருப்பாரு."

வாய்க்கால் முகத்திலேயே கரையை வெட்டினார்கள். இந்த மழைக்கு ஒன்பது நாள் பூங்காவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கீழ் ஊரில் ஒரு வாசற்படிகூட நனையவில்லை. தோட்டக்காரர் இப்போது பாதி நாள் புல் வெட்டுகிறார், பாதி நாள் வண்டல் அள்ளுகிறார். கையெழுத்து வாங்கியவர்களில் சிலர் இன்னும் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.