ராஜாவுக்கு ஒரு தாவல்

காஜா பெராங் என்றால் மலாயில் கோபம் கொண்ட யானை. எங்கள் பகுதிக்கு அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்வாள். அப்பா பொதுப்பணி இலாகாவில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீசில் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பார் என்று கேள்வி. அங்கே காட்ட முடியாத கோபத்தையெல்லாம் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, சாயந்தரம் சதுரங்கப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அவிழ்ப்பார்.

எதிரே உட்காருபவர் பக்கத்து வீட்டுச் சிட்டி மாமா, பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து மலாயே வீட்டுப் பேச்சாகிப்போன சிட்டி வம்சம். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சாமி பெயர்களும் சில பலகாரப் பெயர்களும்தான். அப்பாவின் மலாயோ, பிள்ளையார்கூடக் காதைப் பொத்திக்கொள்ளும் ரகம். ஆனால் ஆட்டத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே முறை. காலாள் எப்போதும் ஒரு கட்டம்தான் நகரும். ராஜா ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். அதற்கு முன்னால் யாராவது செக் வைத்துவிட்டால் அந்த உரிமை போச்சு. வெள்ளைக்காரர்களின் ஆட்டத்தில் இந்தத் தாவல் கிடையாது. அது ஆட்டமே இல்லை என்பது அப்பாவின் கட்சி.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தமிழ்ப் பள்ளியில் டீச்சர் வேலை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி, கோப்பி எல்லாம் ஆனதும் அப்பா பலகையை எடுத்துப் போடுவார். முதலில் வந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கோப்பி ஆறுவதற்குள் அப்பாவை ஜெயித்துவிட்டார். பெரியவர்களிடம் மரியாதை இல்லாத பையன் என்று அந்த இடம் போயிற்று. அடுத்து வந்த எஸ்டேட் கிராணி விவரமானவர், முன்கூட்டியே விசாரித்திருப்பார் போல. மந்திரியைக் கொண்டுவந்து அப்பாவின் யானைக்கு எதிரே தாம்பூலம் மாதிரி வைத்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் படி இறங்கியதும் அப்பா என்னிடம் சொன்னார்: "தோத்துக் குடுக்கறவனை மட்டும் நம்பவே கூடாதும்மா. நாளைக்கு உன்னையும் எவனுக்காவது விட்டுக் குடுத்துட்டு இப்படித்தான் சிரிப்பான்."

ஜெயித்தால் திமிர், தோற்றால் நம்பக் கூடாது. பிறகு எவன்தான் தேறுவான்? சமமாக முடித்தவர் ஒருவரும் வந்தார். அவருக்கு ஒரு முடிவெடுக்கத் தெரியவில்லையாம். இன்னும் எத்தனை பேரை இந்தப் பலகையில் வைத்துக் கொல்லப் போகிறீர்கள் என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். அதுவரை எனக்கும் அதிலொன்றும் வருத்தமில்லை. வந்தவர்களை நினைத்து ஒருநாள்கூட எனக்குத் தூக்கம் கெட்டதில்லை.

சிங்கப்பூர்க்காரர் வந்தபோதுதான் கெட்டது. துறைமுக ஆபீசில் வேலை, ஒல்லியான ஆள், பெரிய காது. எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகும் டீச்சர் வேலை பார்க்க விருப்பமா என்று கேட்டார். அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, கோப்பியில் சீனி போதுமா என்று நான்தான் அவர்களைக் கேட்டிருக்கிறேன். ஆமாம் என்றேன். குரல் ஏனோ பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற மாதிரி சத்தமாக வந்துவிட்டது. அப்பா பலகையை எடுக்கப் போனார். அவர்களுக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவரும் சதுரங்கம் ஆடுகிறவர், அடுத்த மாதம் எங்கள் ஊர்ப் பண்டார் ஹிலிரில் நடக்கிற போட்டிக்கு வருகிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் அப்பா பலகையைக் கீழே வைத்துவிட்டார். அங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்ற அர்த்தம் அவர் முகத்தில் எழுதியிருந்தது.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய புதிது. எதற்கெடுத்தாலும் ‘சர்வதேச’ என்று முன்னால் ஒட்டிக்கொள்வதில் ஊருக்கு ஒரு மிதப்பு. பூச்செடிக் கண்காட்சிகூடச் சர்வதேசக் கண்காட்சியானது. இந்தப் போட்டியிலாவது அந்தச் சொல்லுக்கு ஏதோ நியாயம் இருந்தது. சிங்கப்பூர்க்காரர்கள் வந்தார்கள், இரண்டு இலங்கைக்காரர்கள், சுமத்ராவிலிருந்து ஒருவர், வெள்ளைக்காரப் பட்டாளத்திலிருந்து நாலைந்து பேர். மின்னல் வேக ஆட்டம். அத்தனை பேருக்கும் ஆட்டக் கடிகாரத்துக்கு எங்கே போவது? அதனால் மணி. பத்து விநாடிக்கு ஒரு தடவை மணி அடிக்கும், அடித்ததும் காயை நகர்த்திவிட வேண்டும். நகர்த்தாவிட்டால் தோல்வி. தப்பாக நகர்த்தினால் எதிராளி அடுத்த மணிக்குள் கையைத் தூக்கலாம், தூக்கினால் ஆட்டம் அவனுக்கு. விட்டுவிட்டால் தப்பும் சரியாகிவிடும்.

மணிக்காகப் போட்டி நடத்துகிறவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். தலைமை ஆசிரியர் பித்தளை மணியைக் கொடுத்தார், கூடவே அதை அடிக்க என்னையும் கொடுத்துவிட்டார். சதுரங்கம் தெரியாத, நேரம் தவறாத ஆள் வேண்டும் என்று கேட்டார்களாம். நேரம் தவற மாட்டேன் என்பது உண்மை. அந்த இன்னொன்றைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை.

ஒரு மாதம் முழுக்க அப்பா வெள்ளைக்கார முறையில் பயிற்சி எடுத்தார். காலாளை முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தள்ளும்போதெல்லாம் எதையோ திருடுகிறவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்ப்பார். சிட்டி மாமா பாவம், "மானா போலே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இப்படியெல்லாம் செய்ய எப்படி முடியும் என்று அவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

போட்டியன்று மேடையில் எனக்கு ஒரு மேசை. ஒரு கையில் மணி, எதிரே கடிகாரம். அப்பா காலையில் ஒரு பட்டாளத்தானை ஜெயித்துவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். மதியத்துக்கு மேல், மேடைக்கு நேர் கீழே இருந்த பலகையில் அவரும் சிங்கப்பூர்க்காரரும் எதிரெதிரே வந்து உட்கார்ந்தார்கள். ஈசுவரா என்றிருந்தது எனக்கு.

நான் மணி அடிக்க அடிக்க அவர்கள் ஆடினார்கள். அப்பாவின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. அடித்தேன். அப்பாவின் கை பலகை மேல் போனது. முப்பது வருடமாகப் பழகிய கை, மணிச் சத்தத்துக்கு முன்னால் ஒரு மாதப் பயிற்சி எங்கே நிற்கும்? ராஜாவை எடுத்து, குதிரை மாதிரி ஜம்மென்று தாவ வைத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தான் என்ன செய்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூர்க்காரருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். கையைத் தூக்கினால் மரியாதை இல்லாதவன். தூக்காவிட்டால் விட்டுக் கொடுக்கிறவன். இரண்டுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான். அதை யோசிக்க அவருக்கு இருந்தது பத்து விநாடி, அந்தப் பத்து விநாடியை எண்ணுகிறவள் நான். ஒரு மூச்சு முன்னால் அடித்தால் அப்பாவின் மானம் பிழைக்கும். ஆனாலும் முள் வந்து சேரும்வரை நான் அசையவில்லை. முள் சேர்வதற்கு ஒரு கணம் முன்னால் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

நடுவர் வந்தார். அப்பா அப்போதுதான் குனிந்து பலகையைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று. சிங்கப்பூர்க்காரர் மெதுவாகப் பேசினார், மணிகளுக்கு நடுவே எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மாமா, நம்ம வீட்டு ஆட்டத்துல இது சரி. இங்க செல்லாது. சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன், உங்க முறையிலேயே ஆடுவோம்."

திரும்பும்போது டிரைஷா வண்டியில் அப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னாலேயே மாமா என்கிறானே, எவ்வளவு தைரியம், அதுவும் அத்தனை வெள்ளைக்காரர்கள் மத்தியில். பெற்ற மகளே மணியடித்துக் கவிழ்த்துவிட்டாள் என்று எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. மடியில் மணியை நாக்கு ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ.

"அவர் செஞ்சது சரிதான்ப்பா. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

அப்பா வீடு வரும்வரை சாலையோரக் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சொன்னபடியே சாயங்காலம் அவர் வந்தார். சிட்டி மாமா ஏற்கனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் ஆட்டத்தில் சிங்கப்பூர்க்காரர் அப்பாவின் ராஜாவை அழகாக வளைத்தார், அது தாவித் தப்பியது, அதற்குப் பிறகு அவர் பாடு திண்டாட்டம். தோற்றபோது அந்தப் பெரிய காதுகள் சிவந்துபோயின. சிரிக்கவில்லை. இன்னொன்று ஆடலாம் என்று கேட்கும் முன்பே காய்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். நிஜமாகவே கோபம். அப்பா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

இரண்டாவது ஆட்டத்தின் நடுவில், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா கேட்டார்: "சிங்கப்பூர்ல தமிழ்ப் பள்ளிக்கூடத்துலல்லாம் இடம் காலி இருக்கா?"

போன வாரமே ஒரு பள்ளியில் விசாரித்துவிட்டதாகவும், அடுத்த வருடம் ஒரு டீச்சர் வேண்டியிருக்கும் என்று சொன்னதாகவும் அவர் பதில் சொன்னார். அப்பா திரும்பி, சமையலறை நிலைப்படியில் நின்ற என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வந்தவர்களை எல்லாம் அவர் எதற்காகத் தள்ளிவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர்களில் யாரிடமும் ஒரு குறையும் இல்லை. நான் போய்விடுவேனே என்பதுதான் குறை.

அப்பாவின் ராஜா மறுபடியும் வளைபட்டிருந்தது. அடுத்த நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் இன்னும் ஒரு செக்கும் விழவில்லை. தாவல் பாக்கி இருந்தது, தாவ வேண்டிய கட்டமும் வெறுமையாகக் கிடந்தது. எனக்கே தெரிந்தது, சிட்டி மாமாவுக்குத் தெரியாதா? பொறுக்க முடியாமல், "ராஜா..." என்று ஆரம்பித்தார்.

"டியாம்லா" என்று அப்பா அவரை அடக்கினார். பிறகு ஓரத்தில் கிடந்த ஒரு காலாளை ஒரு கட்டம் நகர்த்தினார்.

சிட்டி மாமா வாயைத் திறந்தவர் திறந்தபடியே அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிங்கப்பூர்க்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மந்திரியை இறக்கினார். "சூடா மாத்தி" என்று மாமாதான் தணிந்த குரலில் சொன்னார், ராஜா செத்தாச்சு என்று. அப்பா ஒரு விரலால் ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்தார். மாப்பிள்ளைக்கு இலை போடச் சொல்லி அம்மாவிடம் குரல் கொடுத்துவிட்டுப் பின்னால் போய், வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் ரசத்தைக் கிளறுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாமனாரை அவருடைய முறையிலேயே ஜெயித்தவன் என்று என் வீட்டுக்காரர் இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார். பாவம், உங்க அப்பாவுக்கு அன்றைக்குத் தாவல் மறந்துபோயிற்று, வயசாச்சில்ல என்று என்னிடமும் சொல்வார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அவருக்குக் கோப்பி கலக்கப் போய்விடுவேன். அன்றைக்கு அப்பாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.